சித்தியின் கைமணம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, பெரியவன், சின்னவள், சித்தி எல்லோரும் நலம்தானே?

பதவி ஏற்றுவிட்டேன். கதவில் 'சுகாதார அதிகாரி' என்று பலகை இருக்கிறது. அதன் கீழே உள்ள பெயர் எனக்கு முன்னால் இருந்தவருடையது. மாற்றச் சொன்னால், "அவரு பேரு நல்லாத்தானே இருக்கு மேடம்" என்கிறார் கிளார்க்.

முதல் நாள் அதிர்ச்சிகளை எல்லாம் எழுதினால் நீ அச்சகத்தில் பிழை திருத்தப் போக முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டில் இன்ஸ்பெக்டரின் மதியச் சாப்பாடு. நடுவில் யாரோ வாங்கி வைத்த மீன். தடுப்பூசிப் பெட்டியோ வெளியே, ஜன்னல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. "மருந்து ஏன் வெளியில இருக்கு?" என்றேன். "உள்ள இடம் இல்லீங்க" என்றார் இன்ஸ்பெக்டர், நான்தான் ஏதோ புரியாமல் கேட்டது போல. எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் நீயே பார்த்துக்கொள்.

ஆனால் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு ஊரில் ஒவ்வொரு சாக்கடையும் அத்துப்படி. கம்பவுண்டர் பரம சாது. அவர் மகள் பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து, எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, தன் எடையை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள். ஏறாத நாளில் அழுகை.

அலுவலகத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடு. காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, இரவில் பசி. வேலையில் சேரும்போது போட்ட டைபாய்டு ஊசியால் கை இன்னும் வீங்கியிருக்கிறது. சித்தியிடம் சொல்லாதே, புறப்பட்டு வந்துவிடுவாள்.

உன் தங்கை,
வாலு


ஜனவரி 20

அன்புள்ள வாலுக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

பெரிய அதிகாரியாகிவிட்டாய், இருந்தும் ரொட்டியைத் தவிர வேறு எதுவும் சமைக்கத் தெரியவில்லை. ரொட்டியும் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். உன் கடிதத்தைச் சித்தியிடம் மறைக்கத்தான் நினைத்தேன். அவள் உறையைப் பார்த்ததும், "குழந்தை இளைச்சுட்டாளா?" என்று கேட்டுவிட்டாள். இந்த மாதக் கடைசியில் அவளை ரயிலேற்றி அனுப்புகிறேன். கொஞ்ச நாள் அல்ல, உன்னுடனேயே இருக்கட்டும். உனக்கும் ஒரு துணை.

இங்கே எல்லோரும் சுகம். மழைக்காலத்தில் குழந்தைகள் இரண்டும் கொஞ்சம் படுத்து எழுந்தன, அது பழைய கதை. அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை 'நலம்' என்று வயிறு நிறைய எழுதுகிறேன்.

சித்தி வந்து ஒரு வாரத்தில் என் அலுவலகத்தைப் பிடித்துவிட்டாள். நான் ஒரு மாதம் கத்தியும் காலியாகாத ஃபிரிட்ஜ் இரண்டே நாளில் காலி. எப்படி என்கிறாயா? "எல்லாரும் மத்தியானம் நம்ம வீட்டுலயே சாப்பிடுங்க, அந்தப் பெட்டியில எதுக்கு வச்சு ஆறிப்போனத தின்னணும்?" என்றாளாம். இப்போது மருந்து உள்ளே, இன்ஸ்பெக்டர் எங்கள் சமையலறையில். பின்தெரு போஸ்ட்மேன் வரை மணம் பிடித்து வந்துவிடுகிறார். சாப்பிட்டு முடித்ததும், பழத்தை வெட்டிக் குளிர்ந்த பாலில் போட்டுத் தருகிறாளே, நம் சின்ன வயதில் தருவாளே, அதற்குத்தான் சண்டை. கிளார்க் மட்டும் சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பவுண்டர் தன் வீட்டுக்கும் ஒரு தூக்கில் வாங்கிப் போகிறார். நான் சொன்னால் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்காவிட்டால் சாப்பாடு கிடையாது என்று பயம்.

ஒரு விஷயம். அண்ணியைப் பற்றிப் பேசினால் சித்தி, "உங்கண்ணி நல்லவடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அங்கே ஏதாவது நடந்ததா? மறைக்காமல் எழுது.

வாலு


பிப்ரவரி 25

அன்புள்ள வாலுக்கு,

நலம். சித்தி சௌகரியமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றுமில்லை. ஒரு வீடு என்றால் ஆயிரம் இருக்கும். பெரியவன் கணக்கில் வழக்கம்போல் கோட்டை விட்டான். அச்சகத்தில் தேர்வுத்தாள் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். சித்தியும் நலம். மற்றவர்களைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

இங்கே டைபாய்டு. முதலில் இன்ஸ்பெக்டர் படுத்தார். வெயிலில் அலைந்த காய்ச்சல் என்று நினைத்தோம். பிறகு போஸ்ட்மேன். பிறகு கம்பவுண்டரின் மகள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்து உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பதவிக்கு வந்து மூன்றாம் மாதத்தில், என் அலுவலக வாசலிலேயே!

குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன், சுத்தம். தொட்டி சுத்தம். எல்லோருக்கும் பொதுவானது எது என்று யோசித்தபோது எதிரே இருக்கும் பழரசக் கடை கண்ணில் பட்டது. காய்ச்சல் வந்த அத்தனை பேரும் அங்கே குடிப்பவர்கள். கிளார்க் சர்க்கரைக்காரர், குடிப்பதில்லை, அவருக்கு ஒன்றுமில்லை. போதாதா? கடைக்குச் சீல் வைத்துவிட்டேன். கடைக்காரர், "என் புள்ளைங்களும் இதைத்தான் மேடம் குடிக்குது!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் இந்த வேலை செய்ய முடியாது.

சித்திதான் ஒரு மாதிரி இருக்கிறாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்ட நாள் முதல், "நான் ஊருக்கே போயிடறேன். எனக்கு இங்கயும் ஆகாது போல" என்கிறாள். இங்கயும் என்றால்? கேட்டால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாள். நீயாவது சொல்.

வாலு


ஏப்ரல் 3

அண்ணா,

ஏன் பதில் இல்லை? நீங்கள் எல்லோரும் நலமா?

கம்பவுண்டரின் மகள் போய்விட்டாள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. எடை பார்க்கும் கருவியை அறைக்குள் தூக்கி வைத்துவிட்டோம். யாராலும் அதைப் பார்க்க முடியவில்லை.

பழரசக் கடையை மூடிய பிறகும் காய்ச்சல் நிற்கவில்லை. இப்போது கிளார்க்கின் மனைவி. கடைக்காரரின் குடும்பம் மொத்தத்தையும் சோதித்தேன், ஒருவரிடமும் கிருமி இல்லை. அப்படியானால் எங்கிருந்து? கம்பவுண்டர் வீட்டில் மகளுக்கு வந்தது, தாய்க்கு வரவில்லை. எப்படி? படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று இருக்கிறது. கடைகளில் உணவைத் தொடும் ஒவ்வொரு கையையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று சந்தையில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள்: "இந்தம்மா காலடி வச்ச நேரம், ஊருக்கே காய்ச்சல்." நான் திரும்பிப் பார்த்தும் அவள் வாயை மூடவில்லை. அழக்கூடாது என்று வீடு வரை வந்துவிட்டேன். வந்து சித்தியிடம் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், அவள் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

எழுது, அண்ணா.

வாலு


ஏப்ரல் 9

என் கண்ணு வாலு,

நாங்கள் நலம். அந்தக் குழந்தையின் சேதி எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது. அண்ணி அழுதுவிட்டாள்.

பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். எழுதினால் சித்தியைப் பற்றி எழுத வேண்டும். வாயால் சொல்லவே கூசுகிற பேச்சை எப்படிக் காகிதத்தில் எழுதுவது என்று விட்டுவிட்டேன். ஆனால் சந்தையில் உன்னை ஒருத்தி அப்படிப் பேசினாள் என்றதும் மனசு கேட்கவில்லை. இந்தப் பேச்சு உனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

சித்திக்கும் இதே பட்டம்தான் கட்டினார்கள். புகுந்த வீட்டில் அவள் காய்ச்சலில் படுத்து எழுந்தாள். அதன் பிறகு கைக்குழந்தை போயிற்று, பிறகு அவள் புருஷன். இரண்டும் காய்ச்சல். "ராசி இல்லாதவ" என்று விரட்டிவிட்டார்கள். அம்மாதான் கூட்டிவந்து நம் வீட்டில் வைத்துக்கொண்டாள். அடுத்த மழையில் அம்மா போனாள். அதே மழையில் நீயும் நானும் படுத்துப் பிழைத்தோமாம். நம் அத்தைகள் அப்போதும் அதைத்தான் சொன்னார்கள். அப்பா அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். உன் அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் காய்ச்சலில் விழுந்தாள். போன மழையில் நம் குழந்தைகள். அப்போதுதான் அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்: "இவங்க கை பட்ட வீட்டுல மட்டும் ஏங்க இப்படி ஆகுது?" அடுத்த அறையில் இருந்த சித்தியின் காதில் விழுந்துவிட்டது. நான் அண்ணியைத் திட்டினேன். படித்தவள் பேசுகிற பேச்சா இது?

இதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு. சித்திக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

நான் சிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

அண்ணியைத் திட்டியதற்கு முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். இந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வியை, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அவள் கேட்டிருக்கிறாள்.

ராசி என்று ஒன்றும் இல்லை. ஆனால் டைபாய்டு வந்து குணமான சிலருக்கு, திடமாக நடமாடுபவர்களுக்கு, பித்தப்பையில் அந்தக் கிருமி தங்கிவிடும். அவர்களுக்கு ஒரு நோவும் இருக்காது. கிருமி மட்டும் கழிவில் வெளியேறிக்கொண்டே இருக்கும். கையில் துளி ஒட்டியிருந்தால் போதும். சூடாகச் சமைத்ததில் செத்துவிடும். வெட்டிய பழத்தில், ஆறிய பாலில், சாகாது. கிளார்க் பழரசமும் குடிப்பதில்லை, சித்தியின் பழமும் சாப்பிடுவதில்லை. நான் ஒன்றைத்தான் பார்த்தேன். அவர் மனைவிக்குச் சித்திதான் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எனக்கு ஊசி இருக்கிறது, அதனால் எனக்கு வரவில்லை. ஊரில் உள்ள கைகளை எல்லாம் சோதித்தேன், என் வீட்டுச் சமையலறைக்குள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ மரியாதை கருதி மறைத்தாய். மழைக்காலத்தில் "கொஞ்சம் படுத்து எழுந்தன" என்று எழுதினாயே, அது என்ன காய்ச்சல் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் ரயில் நிலையத்திலேயே கேட்டிருப்பேன். உன்னைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். எனக்குக் கோபமாக இருக்கிறது.

குழந்தைகளுக்கு வந்தது டைபாய்டா? அம்மாவுக்கு? உடனே எழுது. இப்போதைக்கு எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிச் சித்தியின் சமையலை நிறுத்திவிட்டேன். நாளை அவளைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்.

வாலு


ஏப்ரல் 20

வாலு,

குழந்தைகளுக்கு டைபாய்டுதான். ஆஸ்பத்திரிச் சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். அண்ணிக்கும் அதுதான். அம்மாவுக்கு என்னவென்று சொல்ல இப்போது யாரும் இல்லை. மூன்று வாரம் விடாத காய்ச்சல் என்று அப்பா சொல்வார்.

சித்திதான் நம் அம்மாவை... எழுத முடியவில்லை. நமக்குச் சோறு ஊட்டிய கை அது. உனக்குத் தலை வாரிய கை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவளிடம் சொல்லாதே. சத்து மாத்திரை என்று சொல்லி மருந்தைக் கொடு. முழங்கால் வலிக்கு ஓய்வு என்று சொல்லி அடுப்பிலிருந்து விலக்கிவை. அவளுக்குத் தெரிந்தால் உயிரோடு இருக்க மாட்டாள். அண்ணியும் கையெடுத்துக் கும்பிட்டு இதையே சொல்கிறாள்.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். சித்தி மருந்து சாப்பிடுகிறாள். காய்ச்சலில் இருந்த மற்றவர்கள் தேறிவிட்டார்கள். புதிதாக யாருக்கும் வரவில்லை.

பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது. நீ கெஞ்சியபடி செய்யத்தான் முதலில் நினைத்தேன். சத்து மாத்திரை என்று சொல்லிக் கையிலும் கொடுத்தேன். அவள் மாத்திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என்னைச் சமைக்க விடல. என் பாத்திரத்தத் தனியா வச்சிருக்க. உங்கண்ணி சொன்னத நீயும் நம்பிட்டியா?" என்று கேட்டாள். நான் மறைத்தால் அவள் அந்தப் பழைய வார்த்தையோடுதான் சாவாள். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் அவளுக்குப் புரிந்தது வேறு. "அப்ப ராசி இல்லியா? வெறும் கிருமியா?" என்றாள். "ஆமா சித்தி, மருந்து இருக்கு. போயிடும்" என்றேன். அண்ணா, அவள் சிரித்தாள். வாய்விட்டு, சின்னப் பெண் மாதிரி. "இத்தன வருஷம் கோயில் குளம்னு சுத்தினேனே, ஒரு மாத்திரைக்கா!" என்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப என் குழந்த?"

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அவரு? உங்கம்மா?"

"அப்ப உனக்குத் தெரியாது சித்தி. யாருக்குமே தெரியாது."

"ராசின்னா தலையெழுத்துன்னு சொல்லிட்டு அழலாம். இது என் கைடி" என்றாள்.

பிறகு, "உனக்கு என்மேல கோபம் இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் சொல்வதற்கு ஒரு கணம் பிடித்தது, அந்தக் கணத்தை அவள் பார்த்துவிட்டாள். முகம் நினைவில் இல்லாத அம்மாவை நினைத்து எனக்கு அப்போது நெஞ்சு எரிந்தது உண்மை. அடுத்த நிமிடம் அவளைக் கட்டிக்கொண்டு அழுததும் உண்மை.

பிறருக்குச் சமைக்கக் கூடாது என்ற உத்தரவில் நான் அதிகாரியாகக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெற்றுக்கொண்டதாகப் போட்டாள். பழரசக் கடைக்கு வைத்த சீலை நானே போய்ப் பிரித்தேன். "வச்சப்ப ஊரே பாத்துது மேடம். பிரிக்கறப்ப யாரும் பாக்கலியே" என்றார் கடைக்காரர். மறுநாள் சந்தை கூடும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வேலை நிலைக்குமா என்று தெரியாது.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் உனக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். தள்ளிப்போடாதே. யாருக்கு என்ன வந்தாலும் அப்படியே எழுது.

நேற்று மாலை சித்தி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கம்பவுண்டர் வீட்டுக்குப் போறேன்" என்றாள். தடுத்தேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். கம்பவுண்டர் மகள் போன அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். சித்தி வாசலிலேயே நின்று சொன்னாள்: "உங்க பொண்ணுக்குப் பழம் வெட்டிக் குடுத்தது நான்தாம்மா. என் கையாலதான் அந்தக் காய்ச்சல். தெரியாம நடந்தது. அப்படிச் சொல்லித் தப்பிச்சுக்க வரல."

அறைவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவள் சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான் குடுத்தனுப்பினீங்க" என்றாள். "அவ தன்னோடதக் குடிச்சிட்டு இன்னும் வேணும்னு அழுவா. தெனமும் என் பங்கையும் அவளுக்கே ஊட்டிவிட்டேன்."

உள்ளே இருந்த கம்பவுண்டர் எழுந்து வந்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். சித்தி அவள் காலடியில் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உன் தங்கை,
வாலு